“அப்படியா?” என்பதற்கு ஆங்கிலம்

பரீட்சையில் சித்தியெய்தினேன் என்று ஒருவர் சொன்னாலும், தாயார் வைத்தியசாலையில் இருக்கிறார் என்று சொன்னாலும் தமிழிலே நமக்கு “அப்படியா!” என்னும் ஒரு சொல் போதும். மகிழ்ச்சியையும் இரக்கத்தையும் குரலே காட்டிவிடும். இவ்வழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லும் நம்மவர், எதற்கும் “இஸ் இற்?” என்கின்றனர். இலங்கையில் இது எவருக்கும் விளங்கும். ஆனால், படிப்புக்காக இங்கிலாந்து சென்ற பிள்ளை அங்கே இவ்வாறு சொன்னால், தாம் சொன்னதை நம்பவில்லையோ என்று கேட்டவர் மயங்கக்கூடும்.

ஆங்கிலத்தில் அச்சிறு வினா, சொல்லப்பட்ட வாக்கியத்தின் வினையையும் ஆளையும் பின்தொடரும். “மை பிரதர் ஹாஸ் கொற் எ ஜொப்” என்றால் “ஹாஸ் ஹீ?” எனல் வேண்டும். “மை மதர் இஸ் இன் ஹொஸ்பிற்றல்” என்றால் “இஸ் ஷீ?” என்பதே முறை. அத்துடன் நிறுத்தினால் மறுமொழி பாதியில் நிற்கும். முன்னதற்கு “ஐ ஆம் சோ கிளாட்” என்றும், பின்னதற்கு “ஐ ஆம் சோ சொறி ரு ஹியர் தற்” என்றும் தொடர்தல் வேண்டும்.

மரணச் செய்திக்கு இவ்வினா ஆகாது. நாம் அறிந்த இளைஞர் ஒருவர், கந்தோரில் ஆங்கிலேய மேலதிகாரி தம் தந்தை காலமான செய்தியைச் சொன்னபோது, “இஸ் இற், சேர்? ஹவ் ஓல்ட்?” என்று கேட்டார். மரண வீட்டில் “என்ன வருத்தம்? எத்தனை வயது?” என்று விசாரிப்பது நம் ஊரில் அன்பின் அடையாளம், விசாரியாது திரும்பினால்தான் குறை சொல்வர். அந்த அதிகாரிக்கோ அது குறுக்கு விசாரணைபோல் பட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளைஞர் மனத்தில் இருந்தது இரக்கமே. “ஐ ஆம் வெறி சொறி” என்று தாழ்ந்த குரலிற் கூறி, சற்றே மௌனமாக நின்றிருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்கும். “கவலைப்படாதேயுங்கள்” என்பதை மொழிபெயர்த்து “டோன்ற் வொறி” என்பதோ இன்னும் மோசம், துக்கத்தை அற்பமாக்கிவிடும். “வாட் எ பிற்றி” என்பதும் பஸ் தவறியவருக்கும், மழையால் சுற்றுலா நின்றவருக்கும் உரியது.

“சொறி” என்றால் மன்னிப்புக் கேட்பதே என்று எண்ணுவோர் பலர். நம் துக்கத்தில் ஒருவர் அவ்வாறு சொன்னால், “உங்கள்மேற் குற்றமில்லை” என்று பதிலிறுக்க வேண்டாம். “தாங்க் யூ” போதும்.

நற்செய்திக்கு இத்தனை இடர் இல்லை. “கொங்கிராற்றுலேஷன்ஸ்” என்பதன் ஈற்று ‘ஸ்’ஸை விழுங்காதிருந்தாற் சரி. “வெல் டன்” மூத்தோர் இளையோரைத் தட்டிக்கொடுக்கும் சொல். பதவி உயர்ந்த அதிபருக்கு மாணவன் அதைச் சொன்னால் அவர் புன்னகைப்பார், அவ்வளவே. திருமணம் நிச்சயமானால் மணமகனைப் பாராட்டி, மணமகளுக்கு நல்வாழ்வு மட்டும் வாழ்த்துவது பழைய ஆங்கில மரியாதை. பெண்ணைப் பாராட்டினால், மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டாள் என்று சொல்வதாகுமாம்! இன்று இருவரையுமே பாராட்டுகின்றனர்.

மாணவர்கள் இம்மூன்றுக்கும் மறுமொழி எழுதிப் பழகுக: தோழியின் தமக்கைக்குக் குழந்தை பிறந்தது, ஆசிரியரின் கைக்கடிகாரம் களவு போயிற்று, அயலில் வாழும் ஆங்கிலேய மூதாட்டியின் நாய் இறந்துவிட்டது. மூன்றாவதைக் கேட்டுச் சிரித்துவிடலாகாது. அதற்கும் “ஐ ஆம் வெறி சொறி”தான்.