புன்னகைக்கு ஒரு வரைபடம்

மனிதனுக்கு இயற்கை அளித்த அணிகலன்களுள் விலை கொடாது கிடைப்பது புன்னகை ஒன்றேயாகும். பொன்னகையிலும் புன்னகை மேலென்று பெரியோர் கூறுவதும் இதுபற்றியே. ஆயினும் அந்த அணிகலனை அணிய அஞ்சி மறைத்து வாழ்வோர் நம்மிடையே எத்தனை பேர்! பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்ணையும், படம் பிடிக்கும் வேளையில் உதடுகளை இறுக்கிக்கொள்ளும் மாணவனையும் நாம் எங்கும் காண்கிறோம். பல் கோணலென்றோ, கறை படிந்ததென்றோ அவர்கள் உள்ளத்தில் ஒரு கூச்சம் குடிகொண்டுவிடுகிறது.

ஊவா மாகாணத்திலே எல்ல என்னும் சிற்றூரை அறியாதார் இன்று இலர். ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லக் குன்றையும் காண உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிகின்றனர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள் பலர் கொழுந்துக் கூடையை விடுத்து, விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் தொழில் தேடுகின்றனர். அத்தொழிலில் முதற்கண் வேண்டப்படுவது மலர்ந்த முகம். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனுக்குச் சான்றிதழைப் பற்றிய கவலையோடு பல்லைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. “அழகுப் பல்” கட்டிக்கொள்ள எவ்வளவு பணம் வேண்டுமென்று கைப்பேசியில் தேடுகிறான். தாயின் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்றும் எண்ணத் தலைப்படுகிறான். ஆதலின், பற்களை அழகுபடுத்தும் நூதன முறையொன்றைப் பற்றி இவ்வாரம் நம் வாசகர்களுடன் அளவளாவ விரும்புகிறோம். அதனை “டிஜிட்டல் புன்னகை வரைபு” என்பர்.

பற்களை அழகுபடுத்துவது இன்று நேற்று எழுந்த ஆசையன்று. 1930ஆம் ஆண்டையடுத்த காலத்தில், அமெரிக்காவின் ஹொலிவூட் நகரில் சார்ள்ஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், திரைப்பட நடிகர்களின் பற்கள்மேல் மெல்லிய போர்வைகளைத் தற்காலிகமாக ஒட்டிவந்தார். படப்பிடிப்பு முடிந்ததும் அவை கழற்றப்பட்டன. நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவோனோகோர் என்னும் ஆராய்ச்சியாளர், பல்லின் மேற்படையாகிய மிளிரியை அமிலத்தால் சிறிது அரித்துவிட்டால் பசைப்பொருள் அதனை இறுகப் பற்றுமென்று கண்டறிந்தார். அவ்வொரு கண்டுபிடிப்பே பிற்காலத்து அழகுச் சிகிச்சைகள் பலவற்றுக்கும் அத்திவாரமாயிற்று.

ஒட்டும் வழி கிடைத்தது. ஆயினும் எதனை, எவ்வளவாக, எவ்விடத்தில் ஒட்டுவது என்னும் வினா எஞ்சியது. வைத்தியர் தம் மனக்கண்ணில் ஓர் உருவத்தைக் காண்பார். பல் கட்டும் கைவினைஞர் வேறோர் உருவத்தைக் காண்பார். சிகிச்சை பெறுபவர் எதிர்பார்த்ததோ மூன்றாவதாக ஒன்று. இம்மூவரையும் ஒரே படத்தின் முன் அமர்த்த முயன்றவர் பிரேசில் நாட்டுக் கிறிஸ்டியன் கோச்மன் ஆவார். அவர் பல் வைத்தியர் மட்டுமன்றிப் பல் கட்டும் கைவினையும் பயின்றவர். தம் முறையை அவர் கலமிட்டா என்பாருடன் சேர்ந்து 2012ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்தில் இதற்கு விசேஷ இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் படக்காட்சி தயாரிக்கப் பயன்படும் சாதாரணக் கணினி நிரலே போதுமாயிருந்தது.

இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் முகத்தைப் பல நிலைகளில் நிழற்படம் எடுப்பர். வாய் மூடியிருக்கையில் ஒன்று, இயல்பாகச் சிரிக்கையில் ஒன்று, உதடுகளை விலக்கிப் பற்கள் முழுதும் தெரிய ஒன்று. பேசும்போதும் சிரிக்கும்போதும் உதடு எவ்வாறு அசைகிறதென்பதை அறிய அசையும் படமும் பிடிப்பர். பின்னர்க் கணினித் திரையில் இரு கண்மணிகளையும் இணைத்து ஒரு கிடைக்கோடும், நெற்றி நடுவிலிருந்து மூக்கின் வழியாக நாடிவரை ஒரு நிலைக்கோடும் வரைவர். முன்பற்களின் நடுக்கோடு முகத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது, மேற்பற்களின் விளிம்பு கீழுதட்டின் வளைவோடு இசைகிறதா, சிரிக்கும்போது ஈறு எவ்வளவு வெளித்தெரிகிறது என்பனவெல்லாம் அளந்து நோக்கப்படும். நடு முன்பல்லின் அகலம் அதன் நீளத்தில் ஏறக்குறைய 75 முதல் 80 வீதமாக இருப்பது கண்ணுக்கு இனிதென்பது ஒரு பொது அளவு. அதுவும் வழிகாட்டியேயன்றி விதியன்று; ஒவ்வொரு முகத்துக்கும் அதற்குரிய அழகு உண்டு.

இவ்வாறு வரைந்த படத்தின்படி மெழுகினாலோ, முப்பரிமாண அச்சு இயந்திரத்தினாலோ பல்வரிசையின் மாதிரி ஒன்று செய்யப்படும். அம்மாதிரியிலிருந்து ஓர் அச்சு எடுத்து, அதற்குள் தற்காலிகப் பிசினை நிரப்பி, சிகிச்சை பெறுபவரின் சொந்தப் பற்கள்மேல் பதிப்பர். சில நிமிடங்களில் புதிய புன்னகை வாயில் அமர்ந்துவிடும். பல்லைச் சிறிதும் அராவாமலே, அவர் கண்ணாடியில் பார்க்கலாம்; பேசிப் பார்க்கலாம்; உடன் வந்த தாயிடமோ கணவனிடமோ காட்டிக் கருத்துக் கேட்கலாம். பிடிக்கவில்லையாயின் அதனைக் கழற்றிவிட்டுப் பழைய பற்களோடு வீடு திரும்பலாம். இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவேயென்பது நமது துணிபு.

தெமோதரைப் புகைவண்டி நிலையத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். அங்கே இருப்புப்பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கிறது. அவ்விந்தைப் பாதையை எவரேனும் கண்ணளவில் மதித்து வெட்டியிருக்க முடியுமா? மலை அளக்கப்பட்டது, கடதாசியில் கோடு வரையப்பட்டது, அதன் பின்னரே மண்வெட்டி எழுந்தது. வெட்டிய மலையை மீண்டும் ஒட்ட இயலாது. பல்லும் அத்தகையதே.

நம்மவர்க்கு இம்முறையால் விளையும் பிறிதொரு நன்மையும் உண்டு. தோட்டத்துத் தமிழர் பலர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசும் வைத்தியர் முன் அமர்கையில், கேட்க நினைத்ததைக் கேளாமலும், சொல்ல நினைத்ததைச் சொல்லாமலும் தலையசைத்துவிட்டுத் திரும்புகின்றனர். படம் எம்மொழிக்கும் பொதுவானது. “இந்தப் பல் இவ்வளவு நீளம் வேண்டாம்” என்பதை விரலால் தொட்டுக் காட்டலாமன்றோ? ஆயினும் படத்தோடு நின்றுவிடாது, தமிழறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதே உத்தமம்.

இனி, இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். திரையில் கோடு வரைவது எளிது. அக்கோட்டை வாய் ஏற்குமா என்பது வேறு வினா. வெண்ணிறப் போர்வைத் தகடு ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பல்லின் மேற்படையில் அரை மில்லிமீற்றர் அளவிலேனும் அராவ நேரிடும். மிளிரி மீண்டும் வளர்வதில்லை. ஒட்டிய தகடோ சாசுவதமானதன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதனை மாற்ற வேண்டிவரலாம். இருபது வயதில் ஒட்டிக்கொள்பவர் வாழ்நாளில் பலமுறை அச்செலவை ஏற்க வேண்டியிருக்கும். விலை கேட்கும்போது முதற்செலவை மட்டும் கேட்டு அமைதியடைதல் கூடாது. பிரித்தானிய இளைஞர் சிலர் மலிவு கருதி வெளிநாடு சென்று, நல்ல பற்களை முளைபோல் அராவி உறையிட்டுக்கொண்டு, பின்னர் வலியோடு அல்லலுற்ற செய்திகள் அண்மை ஆண்டுகளில் வெளிவந்தன. அழகை நாடிச் சென்று ஆரோக்கியத்தை இழப்பது அறிவுடைமையாகுமா?

படத்தில் தெரியாத பெரும்பகை ஒன்றும் உண்டு. அது ஈறுநோய். இதனை விளக்க நாம் அந்நிய நாட்டு உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும், மத்திய மலைநாட்டின் இரு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளரின் வாய்களைச் சோதித்தனர். பல் துலக்கும் தூரிகையையோ பல் வைத்தியத்தையோ அறியாதவர்கள் அவர்கள். பற்சூத்தை அவர்களிடம் மிக அரிதாகவே காணப்பட்டது. ஆனால் பல்லைப் பற்றி நிற்கும் திசுவும் எலும்பும் ஆண்டுதோறும் தேய்ந்து வந்தன. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய பின்னர் 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்களுள் 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து பரவியது. 81 வீதத்தினரிடம் நடுத்தர வேகத்தில் வளர்ந்தது. எஞ்சிய 11 வீதத்தினரிடம் ஈறழற்சிக்கு மேல் அது செல்லவில்லை. விரைந்து பரவியோர் 45 வயதளவில் பற்களை முற்றாக இழந்தனர்.

நம் தோட்டத்து மக்களின் வாய்கள் உலகத்துப் பல் வைத்திய மாணவர்களுக்குப் பாடநூலாயின. அப்பாடத்தை நம் வீட்டுப் பிள்ளைகளும் கற்க வேண்டாமா? சூத்தையற்ற வெண்பல்லும் ஈறு பிடிப்பற்றால் விழுந்துவிடும், இதுவே அப்பாடம். ஈறிலிருந்து இரத்தம் கசிய, பல் ஆட, அதன்மேல் அழகுத் தகடு ஒட்டுவது, அத்திவாரமின்றி ஒன்பது வளைவுப் பாலத்தை எழுப்புவதை ஒக்கும். 1921ஆம் ஆண்டில் கட்டி முடிந்த அப்பாலம் இன்றும் புகைவண்டியைத் தாங்குகிறதென்றால், கண்ணைக் கவரும் வளைவுகளினால் மட்டுமன்று. அவற்றின் கீழ் ஊன்றி நிற்கும் தூண்களினாலுமே.

ஊவாவுக்குரிய வேறொரு பிரச்சினையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எல்லக் கணவாய் வழியே வெல்லவாயப் பக்கம் இறங்கினால் வரண்ட நிலம் தொடங்குகிறது. மொனராகலை மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு என்னும் உப்பு மிகுந்துள்ளது. பல் உருவாகும் இளம் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுவரை, அந்நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தையின் பற்களில் வெண்திட்டும் கபில நிறக் கறையும் தோன்றும். அதனைத் துலக்கிப் போக்க முடியாது, அது அழுக்குமன்று. பிள்ளை பல் துலக்குவதில்லையென்று அடிப்பதும் கேலி செய்வதும் பெரும் அநியாயமாகும்.

இத்தகைய கறைக்கு உடனே தகடு ஒட்ட வேண்டுமென்பதில்லை. கறை மெல்லியதாயின், அமிலமும் நுரைக்கல் தூளும் சேர்ந்த பசையால் மேற்படையை மிகச் சிறிதளவே தேய்த்து நீக்கலாம். வெண்ணிறமாக்கும் மருந்தையும் வைத்தியர் மேற்பார்வையில் உபயோகிக்கலாம். பல்நிறப் பிசினால் மறைக்கலாம். இவை பயன்படாத கடுங்கறைக்கே தகடு. புன்னகை வரைபின் பயன் இங்கேயும் தெரிகிறது: மிகக் குறைந்த சிகிச்சையால் எவ்வளவு மாற்றம் கிடைக்குமென்று முன்னரே கண்டுகொள்ளலாம்.

வெற்றிலைக் கறையோ முற்றிலும் வேறு. அதனைச் சுத்தஞ்செய்ய இயலும். ஆனால் கறையைப் போக்கி, பழக்கத்தை விடாதிருப்பதால் பயனென்ன? இலங்கையில் ஆண்களை அதிகமாகப் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோயை விளைவிக்குமென சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்துள்ளது. வாயினுள் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அழகுச் சிகிச்சையை ஒத்திவைத்து, முதலில் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அங்கு சோதனைக்குக் கட்டணமில்லை.

ஆகவே, புன்னகையைத் திருத்த விரும்புவோர் வைத்தியரிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும். என் ஈறும் பல்லும் இப்போது நலமா? என் பல்லில் எவ்வளவு அராவப்படும்? அராவாமல் செய்யும் வழி உண்டா? கம்பி கட்டி நேராக்கினால் போதாதா? இது எத்தனை ஆண்டு நிலைக்கும், உடைந்தால் என்ன செலவாகும்? மாதிரியை என் வாயில் வைத்துக் காட்டுவீர்களா? என் முகப்படத்தை என் சம்மதமின்றி வெளியிடமாட்டீர்களே? இவ்வினாக்களுக்குப் பொறுமையோடு விடை தருபவரே நம்பத்தக்கவர். “இன்றே பணம் கட்டினால் சலுகை” என்று விரைவுபடுத்துவாரிடமிருந்து விலகி நிற்பது நன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் கோணற்பல் என்று பட்டப்பெயர் சூட்டாதீர்கள்; பெண் பார்க்க வருவோர் முன் வாயை மூடிக்கொள் என்று கற்பியாதீர்கள். நாள்தோறும் இருமுறை புளோரைட்டுப் பற்பசையால் துலக்கவும், இனிப்பைக் குறைக்கவும் பழக்குங்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழில் தருபவர் பார்ப்பது பல்லின் வெண்மையை மட்டுமன்று. அஞ்சாமல் நிமிர்ந்து நோக்கும் கண்ணையும், இன்சொல்லையும், நேர்மையையும் அவர் எடைபோடுகிறார். பல்லில் குறையிருந்து அது உள்ளத்தை வருத்துமாயின் திருத்திக்கொள்வதில் வெட்கமில்லை. அளந்து, வரைந்து, ஆய்ந்து, ஆரோக்கியத்தை முதலிலும் அழகை அடுத்ததாகவும் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். தாயின் தாலிக்கொடி பெட்டியிலேயே இருக்கட்டும். ஈறின் நலத்துக்கு வேண்டுவது ஒரு தூரிகையும் அன்றாடம் சில நிமிடங்களுமே.