மிதிவண்டிக்கும் ஓர் இடம் வேண்டும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அமைந்துள்ள நகரம் புக்கிட் மெர்தாஜாம். ஆல்மா, மாச்சாங் புபோக் போன்ற அதன் சுற்றுவட்டாரங்களில் வரிசை வீடுகளே மிகுதி. அவ்வீடுகளின் முன்புறம் பெரும்பாலும் காருக்கே உரியது. எஞ்சியிருக்கும் சிறு நிலத்தில் கறிவேப்பிலை, துளசி, பாண்டான், இரண்டு மூன்று பூச்சட்டிகள் ஆகியவை இடம்பிடித்துக்கொள்கின்றன. வீட்டுப் பிள்ளையின் மிதிவண்டி மட்டும் இடமின்றி இரும்புக் கதவில் சாய்ந்து நிற்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறுகிறது. ஒருநாள் காணாமலும் போகிறது. சிறிய தோட்டத்திலும் குறைந்த செலவில் மிதிவண்டியைப் பாதுகாக்க முடியும்; அதற்கான இடத்தை ஒதுக்குவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையுமாகும்.

மிதிவண்டி விளையாட்டுப் பொருள்தானே எனச் சிலர் கருதலாம். அக்கருத்து ஏற்புடையதன்று. மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்தது 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர் பிறரை எதிர்பாராமல் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கடைக்கோ சட்டப்படி சென்றுவர, மிதிவண்டியே உற்ற துணை. அது திருடுபோனால், பல குடும்பங்களால் உடனே இன்னொன்று வாங்க இயலாது. பிள்ளை மீண்டும் பெற்றோரின் நேரத்துக்குக் காத்திருக்க நேரிடும். அல்லது உரிமமின்றி மோட்டார் சைக்கிளில் ஏறத் துணியும். ஆகவே, மிதிவண்டியைக் காப்பது பிள்ளையின் சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் காப்பதாகும்.

இந்த உண்மையைத் தமிழ்நாடு முன்னரே உணர்ந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவ்வாறு கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் தாமாகவே சென்றுவரத் தொடங்கினர். பின்னாளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தையும் தமிழ்நாட்டு அரசு நடைமுறைப்படுத்தியது. அத்தகைய மதிப்புடைய ஒன்றை மழையில் போட்டுவைப்பது பொருந்துமா?

முதலாவதாக, இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர் ஓட்டும் மிதிவண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். இரண்டு வண்டிகளை முன்னும் பின்னுமாகத் திருப்பி நிறுத்தினால், கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாமல் மூன்றடி அகலத்திலேயே அடங்கிவிடும். பக்கச் சுவர் ஓரமோ, சமையலறைச் சன்னலுக்கு வெளியேயோ இவ்வளவு இடம் பல வீடுகளில் கிடைக்கும். வண்டி வீட்டாரின் கண்ணில் பட வேண்டும்; வீதியில் போவோரின் கண்ணில் படக்கூடாது. இதுவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான எளிய விதி. வேலியோரம் ஓர் எலுமிச்சைச் செடியோ காகிதப்பூச் செடியோ இருந்தால், அதன் முள்ளும் காவலுக்கு உதவும்.

இரண்டாவதாக, வண்டியை அசையாத ஒன்றோடு பிணைக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டிய வண்டியைத் திருடன் அப்படியே தூக்கிச் சென்றுவிடலாம். துருப்பிடிக்காதவாறு நாகம் பூசப்பட்ட பழைய இரும்புக் குழாயைத் தலைகீழ் ‘ப’ போல வளைத்து, அதன் இரு கால்களையும் ஓரடி ஆழத்தில் புதைத்துக் கான்கிரீட் ஊற்றினால் போதும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு சிறு கல் என்னும் கலவை இதற்கு ஏற்றது. ஒரு வாரம் காய்ந்தபின் அதில் வண்டியைப் பூட்டலாம். நேரான ஒற்றைக் குழாயை நட்டால், பூட்டை மேல்வழியே கழற்றிவிட முடியும்; எனவேதான் வளைந்த வடிவம் தேவைப்படுகிறது. வாடகை வீட்டில் வசிப்போர் தரையைத் தோண்ட இயலாது. அவர்கள் பழைய கார் டயரின் நடுவே இரும்பு வளையம் ஒன்றை நிறுத்திக் கான்கிரீட்டால் நிரப்பலாம். வீடு மாறும்போது இருவர் சேர்ந்து அதைத் தூக்கிச் செல்லலாம். ஆனால், அதோடு பிணைத்த வண்டியை யாராலும் ஓட்டிச் செல்ல முடியாது.

மூன்றாவதாக, பூட்டில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மெல்லிய கம்பிவடப் பூட்டைச் சாதாரண வெட்டுக் குறடு சில நொடிகளில் துண்டித்துவிடும். கெட்டியான எஃகால் செய்யப்பட்ட ‘யு’ வடிவப் பூட்டு அவ்வளவு எளிதில் அறுபடாது. வண்டி விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு ஒதுக்குவது நல்லது. 400 ரிங்கிட் வண்டிக்கு 40 ரிங்கிட் பூட்டு என்பது வீண் செலவன்று. பூட்டு, வண்டியின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் தரையில் நட்ட குழாயையும் ஒருசேரப் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து, மழையையும் கருத்தில் கொள்ள வேண்டும். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பொழிகிறது. இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு உண்டாவது இயற்கை. இதனைத் தடுக்கப் பலர் வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடிவிடுகின்றனர். அவ்வாறு மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துரு விரைவில் பரவும். தார்ப்பாயின் மடிப்புகளில் தேங்கும் நீரிலோ ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே அம்முட்டைகள் கொசுக்களாகிவிடும். வளாகத்தில் கொசு இனப்பெருக்கம் செய்ய இடமளிப்பது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றமுமாகும். எனவே, சுவரிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு தகரக் கூரையே சிறந்தது. நீர் வழிந்தோடும், பக்கவாட்டில் காற்றும் உலவும். அதனோடு மாதம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் இட்டால், வண்டி நீண்ட நாள் உழைக்கும்.

இதற்கு மாற்றுக் கருத்துகளும் உள்ளன. வண்டியை வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே வைத்துவிடலாமே எனச் சிலர் கேட்பர். சேறு படிந்த வண்டியை நாள்தோறும் உள்ளே தள்ளுவதும் வெளியே எடுப்பதும் தொல்லை மிகுந்த செயல். எடுப்பது கடினமானால் ஓட்டும் பழக்கமும் குறைந்துவிடும். பூட்டிய கொட்டகையே பாதுகாப்பானது எனக் கூறுவோரும் உளர். ஆனால், கொட்டகை சிறு தோட்டத்தை முழுவதுமாக விழுங்கிவிடும். மரத்தாலானதைக் கறையான் அரிக்கும். மெல்லிய தகரத்தாலானதைத் திருடன் எளிதில் நெம்பித் திறந்து, மறைவாக உள்ளே நின்று பூட்டையும் அறுப்பான். திறந்த கூரையின்கீழ் அவனுக்கு அம்மறைவு இல்லை.

‘திருட நினைப்பவன் எப்படியும் திருடத்தான் செய்வான்’ என்னும் வாதமும் அடிக்கடி எழுகிறது. பூட்டாத வண்டியை எடுக்க ஒரு நொடி போதும். நன்கு பிணைத்த வண்டியை எடுக்க நேரமும் கருவியும் வேண்டும், ஓசையும் எழும். வாய்ப்பை மட்டும் தேடி வருபவன் அங்கு நிற்கமாட்டான். மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் மிகுந்த நாடு நெதர்லாந்து. அங்குள்ள உட்ரெக்ட் நகர இரயில் நிலையத்தில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தும் காவலுள்ள நிலையம் 2019இல் முழுமையடைந்தது. திருட்டை விதியென்று ஏற்காமல், தடுக்க இயன்ற ஒன்றாக அவர்கள் கருதுகின்றனர்.

இவற்றோடு செலவே இல்லாத இரண்டு காவல்களும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் மிதிகளுக்கு நடுவே, சட்டத்தின் அடிப்பகுதியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணையும் வண்டியின் படத்தையும் கைப்பேசியில் சேமித்துவைத்தால், காவல் நிலையத்தில் புகார் செய்யும்போது அவை சான்றாகும். மற்றொன்று அண்டை வீட்டாரின் கண். 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் திட்டம், பல இன மக்களும் ஒருவர் வீட்டை ஒருவர் கவனித்துக்கொள்ளும் பண்பை இன்றும் வளர்த்துவருகிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயன் இல்லை. வளைந்த குழாய், நல்ல பூட்டு, சிறு தகரக் கூரை ஆகிய மூன்றையும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வார இறுதியில் அமைத்துவிடலாம். காருக்கு இடம் ஒதுக்கும் வீடு, பிள்ளையின் மிதிவண்டிக்கும் ஆறடி நிலம் ஒதுக்குவதே நியாயம்.