கணினி இருக்கிறது, கைவேலை எங்கே?

1981இல் பிரித்தானியாவில் பீபீசீ மைக்ரோ என்ற வீட்டுக் கணினி வந்தது. அடுத்த ஆண்டு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். ஆளியைப் போட்டால் படம் எதுவும் வராது. பேசிக் மொழியில் நாம் ஏதாவது எழுதும்வரை திரை சும்மா காத்திருக்கும். சஞ்சிகைகளில் அச்சான செய்நிரல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்து, பிழை பிடித்து, தமக்கு வேண்டியபடி மாற்றிப் பழகிய பிள்ளைகள் அன்று பலர்.

இன்றைய மடிக்கணினி நம்மை எதுவும் எழுதச் சொல்வதில்லை. பார், அழுத்து, அடுத்ததைப் பார் என்கிறது. அதனால் படைப்பாற்றல் செத்துவிட்டது என்பவர்கள் உண்டு. நான் அதில் பாதியைத்தான் ஏற்பேன். அந்தக் காலத்தில் நமது மலைகளின் லயங்களில் எத்தனை அறைகளில் மின்விளக்கு எரிந்தது? வாய்ப்பு என்று பார்த்தால் நாம்தான் கொடுத்துவைத்தவர்கள். பைதன் இலவசம். ஸ்கிராட்ச் இலவசம். அவற்றை விடுங்கள், விண்டோஸ் கணினியில் நோட்பேடும் உலாவியும் ஏற்கனவே இருக்கின்றன. அந்த இரண்டை வைத்தே ஓர் இணையப்பக்கத்தை இன்றிரவு செய்து பார்க்கலாம். 2021இல் நமது மாவட்டத்து போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையில் ஏறிய செய்தியை உலகமே படித்தது. பாடம் இறக்கத்தான் சிக்னல் வேண்டும். செய்நிரல் எழுத அதுவும் தேவையில்லை.

பிறகு ஏன் எழுதுவதில்லை? உயர்தரத்தில் பைதன் படிக்கிறோம். ஒரு லூப் எத்தனை தடவை சுற்றும் என்று பென்சிலால் எண்ணத் தெரியும். கடந்தகால வினாத்தாள்கள் தந்த பழக்கம் அது. சொந்தமாக என்ன செய்தாய் என்று கேட்டால் முழிப்போம்.

என் தோழி ஒருத்தியின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சம்பளச் சீட்டு வரும் நாளில் முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, மேலதிக கிலோ எத்தனை என்று வீட்டில் பெரிய வழக்கே நடக்கும். தோழி அண்ணனின் பழைய மடிக்கணினியில் முப்பது வரி பைதன் எழுதினாள். அம்மா மாலையில் சொல்லும் கிலோவைப் பதிவாள். முதலில் அரைப்பேரை முழுப்பேராகக் கூட்டிக் காட்டியது; இரண்டு இரவு இருந்து திருத்தினாள். ஒரு மாதம் சீட்டில் ஒரு பேர் குறைந்திருந்ததை அந்த முப்பது வரிதான் காட்டியது. போய்க் கேட்டார்கள், திருத்திக் கொடுத்தார்கள். இதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை.

பெற்றோரே, மகள் கணினி முன்னால் இருந்தால் "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை நியாயம்தான். "என்ன செய்தாய், காட்டு" என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்களேன். கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள்: கணினிக் கூடத்தில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் தாருங்கள், வினாத்தாள் இல்லாமல். என் முதல் வேலையை இப்போதே தீர்மானித்துவிட்டேன். வாப்பாவின் கடைக் கடன் கொப்பி.