ஒரே உண்மை, இரண்டு பதிவு

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் புரோகிராம் எழுதும் பிள்ளைகளோடு எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. விஷயம் சின்னதுதான். ஆனால் அதன் பலனை அனுபவிப்பது கவுன்டருக்கு வெளியே நிற்கிற நாம்.

வங்கிக் கிளையைப் பெற்றோராகவும் அதிலுள்ள கணக்குகளைப் பிள்ளைகளாகவும் எழுதுவார்கள். கிளையிடம் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கணக்கிலும் 'என் கிளை இது' என்ற குறிப்பும் இருக்கும். கணக்கு கிளை மாறினால் பழைய பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், புதியதில் சேர்க்க வேண்டும், கணக்கிலுள்ள குறிப்பையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் என் நண்பருக்கு நேர்ந்த கதிதான். கணக்கைத் திறந்தால் புதுக் கிளை என்கிறது. புதுக் கிளையின் பட்டியலிலோ அவர் இல்லை. மனுஷர் இரண்டு கிளைக்கும் நடையாய் நடந்தார்.

கேட்டால், "இரண்டு பக்கமும் மாற்றணும்னு டாக்குமென்ட்டிலேயே எழுதியிருக்கோமே சார்" என்கிறார்கள். 2006-இல் வந்த ஜாவாவின் ஜேபிஏ விதிமுறையும் இந்தப் பொறுப்பைப் புரோகிராமின் தலையில்தான் கட்டுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்காமல் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்துவிடுவார்களா? தாலுகா ஆபீசுக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை.

முடியாத காரியமும் அல்ல. பிரவுசர் ஒரு வலைப்பக்கத்தை மரம்போல அடுக்கி வைக்கும் 'டாம்' என்ற அமைப்பு 1998-லேயே இதைச் செய்துவிட்டது. ஒரு உறுப்பை வேறொன்றின் கீழ் சேர்த்தால், பழைய பெற்றோரிடமிருந்து தானே கழற்றிவிடும். 'என் பெற்றோர் யார்' என்பதைப் படிக்கலாம், நேரடியாகத் திருத்த முடியாது. தாத்தாவைப் பேரனுக்குப் பிள்ளையாக்கப் பார்த்தால் பிழை என்று சொல்லி நிறுத்தியும் விடும்!

அதேபோல மாற்றுவதற்கு ஒரே வாசல் வையுங்கள் என்கிறேன். பட்டியலை வெளியே கொடுத்தால் படிக்க மட்டும் கொடுங்கள். அதைவிட மேல், பட்டியலே வேண்டாம். கிளையின் பெயரைக் கணக்கில் மட்டும் எழுதி, தேவைப்படும்போது தேடி எடுங்கள். 1970-இல் காட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ரிலேஷனல் டேட்டாபேஸ்கள் செய்வது அதுதான்.

"தேடினால் நேரமாகும்" என்பது அடுத்த சாக்கு. இன்டெக்ஸ் எதற்கு இருக்கிறது? அதுவும் இரண்டாவது பதிவுதான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அதை டேட்டாபேஸே பார்த்துக்கொள்கிறது, யாருடைய ஞாபகத்தையும் நம்பி இல்லை. அப்படியும் ஓரிரு விநாடி கூடுதலாக ஆனால் ஆகட்டும். வரிசையில் நின்று பழகியவர்கள்தானே நாம்.