காஸாவிலிருந்து கெய்ரோ எவ்வளவு தூரம்?

துபாய்க்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரிகளுக்கும், வளைகுடாவில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் விமான நேரம் மனப்பாடம். சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரு மணி நேரம் தாமதமானாலே கவுண்டரில் சண்டைக்கு நிற்கிறோம். அப்படிப்பட்ட நீங்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

காஸாவின் தென்கோடியில், ரஃபா அருகே, ஒரு சர்வதேச விமான நிலையம் இருந்தது. அங்கிருந்து கெய்ரோ வான்வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். நம் சென்னை - திருச்சி தூரம்தான். ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். 1998 நவம்பர் 24 அன்று யாசிர் அரஃபாத் முன்னிலையில் அது திறக்கப்பட்டபோது, முதலில் வந்திறங்கியதே எகிப்து விமானம்தான். மொராக்கோ கலைஞர்கள் வடிவமைத்தார்கள். ஜப்பான், ஸ்பெயின், ஜெர்மனி, சவூதி, எகிப்து எனப் பல நாடுகள் பணம் கொடுத்தன. ஆண்டுக்கு ஏழு லட்சம் பயணிகள் வந்து போகலாம் என்று திட்டம். (அப்போதும் பாதுகாப்புச் சோதனை இஸ்ரேலின் பிடியில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்!)

இரண்டாண்டுகூட முழுதாகப் பறக்க விடவில்லை. 2000 இறுதியில் இரண்டாவது இன்திஃபாதா தொடங்கியதும் மூடினார்கள். 2001 டிசம்பரில் ராடார் மீது குண்டு. 2002 ஜனவரியில் புல்டோசர் கொண்டு ஓடுபாதையையே கிழித்துப் போட்டார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கண்டனத் தீர்மானம் போட்டது. அதோடு சரி.

அதன்பிறகு காஸாவாசி கெய்ரோ விமான நிலையத்தை அடைய ரஃபா கடவைதான் வழி. 2015ஆம் ஆண்டு முழுவதிலும் அது திறந்திருந்தது ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்கள் மட்டுமே! திறந்தாலும் ஸினாய் பாலைவனத்தில் சோதனைச் சாவடிகள், காத்திருப்பு, போலீஸ் காவலோடு பஸ். மேற்படிப்புக்கு விசா கிடைத்த மாணவன் கடவை திறப்பதற்குள் விசா காலாவதியாகி நின்றான். காஸாவின் பூவும் ஸ்ட்ராபெர்ரியும் ஐரோப்பா போக வேண்டுமென்றால் இஸ்ரேலின் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பது என்னவென்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த இடிபாட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது டெல்அவிவின் பென் குரியன் விமான நிலையம். அதன் கதை வேறு. சுமார் எழுபது ஆண்டுகளாக அங்கு போகும் விமானங்களுக்குச் சவூதி வான்வெளி மூடிக் கிடந்தது. 2018 மார்ச்சில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனது யார் தெரியுமா? அன்று அரசு நிறுவனமாக இருந்த நம் ஏர் இந்தியா! டெல்லியிலிருந்து சுமார் ஏழரை மணி நேரத்தில் இறங்கியது. செங்கடல் வழியாகச் சுற்றிப் போவதைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். 2020 ஆகஸ்ட் 31இல் இஸ்ரேலின் எல் அல் விமானம் சவூதிக்கு மேலாகவே அபுதாபி போனது. 2022 ஜூலையில் எல்லா நாட்டு விமானங்களுக்கும் வழி திறந்தது.

ஒருவனுக்கு இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்திக் கொடுத்த அரபு ஆட்சியாளர்கள், அதற்கு ஈடாக ரஃபா ஓடுபாதையைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? வான்வெளி அவர்கள் கையிலிருந்த சரியான பேரம். அதைச் சும்மா கொடுத்துவிட்டார்கள்.

2024 மே மாதம் ரஃபா கடவையின் காஸா பக்கத்தையும் இஸ்ரேல் இராணுவம் பிடித்துக்கொண்டது. காஸாவின் மறுகட்டுமானம் பற்றி இனி யார் பேசினாலும், மாவு, மருந்து, கூடாரத்தோடு விமான நிலையமும் துறைமுகமும் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கேளுங்கள், நம் விமானம் பறந்த வழி அது.