பெயரைக் காவாதான் பொருளையும் காவான்!

நெஞ்சில் ஏறாத படம் மார்பில் ஏறுகின்றது! 'உயிர்ப்பிணங்களின் இரவு' எனும் திரைப்படத்தின் உருவம் பொறித்த பின்னலாடையை அணிந்து திரியும் அமெரிக்க இளைஞருள், அதனைப் படைத்தோர் உற்ற இழப்பை அறிந்தவர் எத்துணைப் பேர்?

1968ஆம் ஆண்டில் வெளிவந்த, சியார்சு உரோமெரோவும் அவர்தம் நண்பரும், பெருநிறுவனங்களின் கையை எதிர்பாராது, பிட்சுபர்க்கு நகரையடுத்து ஏறத்தாழ 1,14,000 தாலர் செலவில் எடுத்த படம் அது. வெளியீட்டாளர் அதன் பெயரை மாற்றினர். மாற்றுங்கால் உரிமைக்குறிப்பு வரியை விட்டொழித்தனர். அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி அவ்வொரு வரி இன்மையால் உரிமையே அழிந்தது. எவரும் படியெடுக்கலாம், விற்கலாம், ஆடையில் அச்சிடலாம், படைத்தவர்க்கு ஒரு காசும் ஈய வேண்டுவதில்லை!

'அணிவதும் பாராட்டன்றோ?' என்பார் உளர். உழைத்தவனைச் சேராத பாராட்டு வணிகனுக்கு விளம்பரமே. போற்றுவது மெய்யாயின், படைத்தவன் பெயரையும் அவ்வாடையிற் பொறிக்குமாறு கேட்கட்டும்!

'பெயரில் என்ன இருக்கின்றது?' என்று தமிழ்ப்பெயர் வேண்டுவாரை எள்ளி நகையாடுவோரே, காண்மின்! பெயர் மாற்றத்தில் ஒருகால் விழிப்புத் தவறியது. உடைமை முற்றும் பறிபோயிற்று. மொழிக்கும் அஃதே நெறி.