அவசரமே இல்லாத உயிர்

கறி மசாலாவில் காய்ந்த பூப்போல, கறுப்பாக ஒன்றை அம்மா போடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் கல்பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது ‘லைக்கன்’ வகை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்வதையே லைக்கன் என்கிறோம். பாசி, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். பூஞ்சை, ஈரத்தைச் சேர்த்து வைத்துப் பாசியைக் காக்கும்.

பாறையிலேயே குடியிருக்கும் லைக்கன்களில் ‘ரைசோகார்பன்’ என்று ஒரு பேரினம் உண்டு. அதில் புகழ் பெற்றது ‘வரைபட லைக்கன்’. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், பாறை மேல் பொருக்குப் போல ஒட்டியிருக்கும். ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கும். பல லைக்கன்கள் அருகருகே வளர்ந்தால், தேசப்படம் போலவே தெரியும்!

இது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. அரை மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 5 செ.மீ. அகலமாக 100 ஆண்டுகள் ஆகும்! இந்த நிதானம் விஞ்ஞானிகளுக்குப் பெரிய உதவி. பனிப்பாறை உருகி விலகிய இடத்தில், வெளியே தெரியும் கற்களில் லைக்கன் முளைக்கும். அதன் அகலத்தை அளந்து, பனி எப்போது விலகியது என்று கணக்கிடுகிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் 1950களில் இந்த முறையை வளர்த்தார்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். 2005ம் ஆண்டு, ‘போட்டான் எம்-2’ விண்கலத்தில் இந்த லைக்கனை அனுப்பினர். காற்றில்லாத விண்வெளியில், கடுமையான கதிர்வீச்சில், சுமார் 15 நாட்கள் திறந்து வைத்தனர். பூமிக்குத் திரும்பிய பின்னும் அது உயிரோடு இருந்தது!

ஆனால், விண்வெளியையே தாங்கிய இந்த உயிர், ஓர் ஆணியின் கீறலைத் தாங்காது. சுரண்டினால் 100 ஆண்டு வளர்ச்சி ஒரு நிமிடத்தில் போய் விடும். மீண்டும் அந்த அளவுக்கு வளர, இன்னும் 100 ஆண்டுகள் வேண்டும். அதைப் பார்க்க நாம் இருக்க மாட்டோம்.

நம் ஊர் மலைப் பாறைகளிலும் வெள்ளை, சாம்பல், மஞ்சள் நிறங்களில் லைக்கன்கள் உண்டு. அவற்றின் மேல்தான் சுற்றுலா வருபவர்கள் பலர் பெயரைக் கிறுக்குகின்றனர், பெயின்ட் அடிக்கின்றனர். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். செய்யும் நண்பனையும் தடுத்து, காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஆணி வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். பாறை அருகே உட்கார்ந்து, பொறுமையாகப் பாருங்கள். செய்வீர்கள்தானே?